குழு நிலையில் தொலைந்த மாகாண சபை

சட்டமூலம் ஒன்று சட்டமாவதற்கு முன் பாராளுமன்றத்தில் கடக்க வேண்டிய படிகளுள் எவரது கவனமும் அதிகம் விழாத படி குழு நிலையாகும். முதலாம் மதிப்பில் சட்டமூலம் அவைக்கு வருகிறது; இரண்டாம் மதிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படுகிறது; அதன்பின் அவை முழுவதும் தன்னைக் குழுவாக மாற்றிக்கொண்டு, சபாநாயகர் தவிசாளராக அமர, வாசகம் வாசகமாகத் திருத்தங்களை எடுத்துக்கொள்கிறது; அது முடிந்ததும் மூன்றாம் மதிப்போடு சட்டமூலம் நிறைவேறுகிறது. விவாதத்தின் சூடு தணிந்து, எண்களும் உட்பிரிவுகளும் வாசிக்கப்பட்டு, “ஆம்”, “இல்லை” என்ற குரல்கள் மட்டும் எழும் அந்த மூன்றாவது படியில்தான் 2017 செப்டம்பர் 20ஆம் திகதி இலங்கையின் மாகாண சபைத் தேர்தல் முறை அடியோடு மாற்றப்பட்டது. அன்று மாற்றப்பட்ட முறையின்படி எந்தத் தேர்தலும் இதுவரை நடைபெறவில்லை. பழைய முறைக்குத் திரும்பும் வழியும் அன்றோடு அடைபட்டது.

அன்று காலை ஒழுங்குப் பத்திரத்தில் இருந்த சட்டமூலத்தின் நோக்கம் சிறியது, எவரும் எதிர்க்கக் கூச்சப்படும் வகையில் நியாயமானது: மாகாண சபைத் தேர்தல் வேட்புமனுக்களில் 30 வீதம் பெண்கள் இடம்பெற வேண்டும் என்பதே அது. அதற்கு முதல் நாள், எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்த முயன்ற 20ஆவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலத்துக்கு மக்கள் தீர்ப்பும் தேவை என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவு அவைக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ ஆகிய மூன்று சபைகளின் காலம் அம்மாத இறுதியில் முடியவிருந்த நிலையில், தேர்தலைத் தள்ளிப்போட விரும்பிய அரசாங்கத்துக்கு வேறு வாகனம் தேவைப்பட்டது. பெண்களுக்கான சட்டமூலம் அந்த வாகனமாயிற்று. குழு நிலையில் அதன் மீது ஏற்றப்பட்ட திருத்தங்கள் மூலச் சட்டமூலத்தைவிடப் பன்மடங்கு நீளமானவை. அவை விகிதாசார முறையை நீக்கி, தொகுதி முறையும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்ததோடு, அதற்கென நாடு முழுவதும் புதிய எல்லை நிர்ணயம் செய்யப்பட வேண்டும் என்றும் விதித்தன. 159 வாக்குகள் ஆதரவாகவும் 37 வாக்குகள் எதிராகவும் விழ, அது 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

இதன் பாரதூரத்தை உணர, இலங்கையில் சட்டங்கள் எப்போது நீதிமன்றப் பரிசோதனைக்கு உட்படுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரைப்படி, சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற பின் குறுகிய நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தை நாடி அது அரசியலமைப்புக்கு முரணானது என வாதிடலாம். அச்சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகர் தம் சான்றுரையை எழுதிவிட்டால், 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி எல்லாக் கதவுகளையும் மூடிவிடுகிறது. அதன்பின் அச்சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. குழு நிலைத் திருத்தமோ இவ்விரு கதவுகளுக்கும் இடையில் நுழைகிறது. மனுச் செய்யும் காலம் கடந்த பின் அது வருகிறது. அவ்வாறு வந்த அன்றே சட்டமாகவும் ஆகிவிடுகிறது. இடையில் நிற்கும் ஒரே காவலர் சட்டமா அதிபர். திருத்தங்களைப் பார்த்து, அவற்றுக்கு எவ்வகைப் பெரும்பான்மை தேவை என்ற கருத்தை அவர் அவைக்குத் தெரிவிக்க வேண்டும் என 77ஆம் உறுப்புரை கூறுகிறது. அன்று அவர் மூன்றில் இரண்டு தேவை என்றார். மூன்றில் இரண்டு கிடைத்தது. குழு நிலைத் திருத்தம் சட்டமூலத்தின் விடயத்தோடு பொருந்தியதாக இருக்க வேண்டும் என்பது நிலையியற் கட்டளைகளின், அதாவது அவை தன்னைத்தானே நடத்திக்கொள்வதற்கென வகுத்துக்கொண்ட விதிகளின், பழைய ஒழுங்கு. வேட்புமனுவில் பெண்களின் தொகையும் நாட்டின் தொகுதி எல்லைகளும் ஒரே விடயம்தானா என்ற கேள்விக்கு அன்று அவை தன் வாக்குகளாலேயே பதில் சொல்லிக்கொண்டது.

அந்த 159 வாக்குகளுள் சிறுபான்மைக் கட்சிகளின் வாக்குகளும் இருந்தன என்பதே இக்கதையின் கசப்பான பகுதி. முஸ்லிம் காங்கிரஸின் ரவூப் ஹக்கீம், மக்கள் காங்கிரஸின் ரிஷாட் பதியுதீன், தமிழ் முற்போக்குக் கூட்டணியின் மனோ கணேசன் ஆகிய மூவரும் அப்போது அமைச்சரவையில் இருந்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்போ எதிர்க்கட்சித் தலைமையில் இருந்தபடியே அரசாங்கத்துக்கு அணுக்கமாக நின்றது. முதலில் முன்மொழியப்பட்டது 60 வீதம் தொகுதி, 40 வீதம் பட்டியல் என்ற விகிதம். சிதறி வாழும் சமூகங்களுக்குத் தொகுதி முறை பாதகமானது என்று சிறுபான்மைக் கட்சிகள் எதிர்த்ததால் அது பாதிக்குப் பாதி என்றாயிற்று. அந்தப் பத்து வீதத்தைப் பெற்றுக்கொண்டு அவை ஆதரித்தன. பேரம் என்ற அளவில் அது தோல்வியன்று. மூன்றில் இரண்டு தேவைப்பட்ட அரசாங்கத்திடம் அவர்களுக்கு இருந்த பலம் மெய்யானது. ஆனால் பேரம் பேசியவர்கள் விகிதத்தைப் பார்த்தார்களே தவிர நடைமுறையைப் பார்க்கவில்லை. அவ்விகிதம் நடைமுறைக்கு வர, எல்லை நிர்ணய அறிக்கை ஒன்று மீண்டும் இதே அவையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை பெற வேண்டும் என்ற வாசகமும் அதே திருத்தங்களுக்குள் இருந்தது.

முன்னாள் நில அளவையாளர் நாயகம் கனகரத்தினம் தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளை வரைந்தது. அதன் அறிக்கை 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. எதிராக விழுந்தவை 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்த காட்சி பாராளுமன்ற வரலாற்றில் அரிதானது. சட்டப்படி அடுத்து, பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதங்களில் அறிக்கை தர வேண்டியிருந்தது. அவ்வறிக்கை வரவே இல்லை. பழைய முறையில் தேர்தல் நடத்த முடியுமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டபோது, முடியாது என்ற பதிலே கிடைத்தது: பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. மாகாண சபைகளை எவரும் கலைக்கவோ ஒழிக்கவோ இல்லை. அவற்றுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் வழி மட்டும், ஒரு பிற்பகலில், விதிகளுக்கு உட்பட்டே காணாமற் போயிற்று.

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவுக்கு இந்த இழப்பு பிற ஊர்களைவிடச் சற்று நெருக்கமானது. 2012 செப்டம்பர் 8ஆம் திகதி நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 37 இடங்களுள் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, இலங்கைத் தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1 எனப் பெற, எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அச்சபையில் முஸ்லிம் காங்கிரஸ் சாய்ந்த பக்கமே ஆட்சியானது; முதலமைச்சராக வந்தவர் கிண்ணியாவின் நஜீப் ஏ. மஜீத். மாகாண சபை என்பது வீதிக்கும் பாடசாலைக்கும் பணம் பங்கிடும் இடம் மட்டுமன்று. அரசியலமைப்பின் 154ஜி உறுப்புரையின் 3ஆம் பந்தி அதைப் பாராளுமன்ற நடைமுறையின் ஒரு படியாகவே ஆக்கியிருக்கிறது: மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் ஒன்றைத் தொடும் சட்டமூலத்தை ஜனாதிபதி ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும், ஒரு சபையேனும் மறுத்தால், அச்சட்டமூலம் நாடு முழுவதற்கும் பொருந்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை.

அந்தப் படியின் வலிமை 2012இல் திவிநெகும சட்டமூலத்தின்போது வெளிப்பட்டது. கிராமிய அபிவிருத்தி அதிகாரங்களை மத்திக்கு இழுத்த அச்சட்டமூலம் மாகாண சபைகளுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. கிழக்கு மாகாண சபை, முஸ்லிம் காங்கிரஸின் வாக்குகளோடு, அதற்குச் சம்மதம் தெரிவித்தது. வடக்கிலோ அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. சபையின் இடத்தில் ஆளுநர் அளித்த சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என நீதிமன்றம் முடிவு செய்தது. இருந்த சபை தன் மறுப்புரிமையைக் கைவிட்டது; இல்லாத சபையே தடையாக நின்றது. அம்முரணைச் சுட்டுவோர் பலர்; ஆனால் இன்று ஒன்பது மாகாணங்களிலும் சபை இல்லை என்பதும், அதனால் மாகாணப் பட்டியலைத் தொடும் ஒவ்வொரு சட்டமூலமும் கேட்கப்பட வேண்டிய வாய்களைக் கேட்காமலே அவைக்கு வருகிறது என்பதும் குறைவாகவே பேசப்படுகின்றன. குழு நிலையில் தொலைந்தது ஒரு தேர்தல் மட்டுமென்றால், இழப்பு இவ்வளவு பெரிதாகியிராது.

சிறுபான்மை என்ற சொல் தமிழில் இரு பொருளைச் சுமப்பதால் விளையும் மயக்கமும் இங்கே கவனிக்கத்தக்கது. அவையில் தொகை குறைந்த கட்சியும் சிறுபான்மை, நாட்டில் தொகை குறைந்த சமூகமும் சிறுபான்மை. பாராளுமன்ற நடைமுறை அறிந்தது முன்னதை மட்டுமே. பேசும் நேரம் கட்சிகளுக்குப் பங்கிடப்படுகிறது. வாரத்தின் அலுவல்களைத் தீர்மானிக்கும் பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழுவில் அமர்வோர் கட்சிகளின் சார்பில் அமர்கிறார்கள். 2018இல் திருத்தியமைக்கப்பட்ட நிலையியற் கட்டளைகளுள் செய்தியாளர்கள் வாயில் ‘27/2’ என்றே வழங்கும் கட்டளை, அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த வினாவை முன்னறிவித்தல் காலமின்றி எழுப்பும் வாய்ப்பைக் கட்சித் தலைவர்களுக்கே தருகிறது. பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் வென்று சென்ற கிண்ணியா உறுப்பினர், வாக்களித்தோர் மனத்தில் தம் ஊரின் பிரதிநிதியாக இருந்தாலும், அவையின் பேரேட்டில் அப்பெரிய கட்சியின் வரிசையில் ஒருவர் மட்டுமே. எத்தனை நிமிடம் பேசலாம் என்பதை அவருக்குச் சொல்பவர் அக்கட்சியின் கொறடா.

பழைய தேர்தல் முறை இம்மயக்கத்தை வேறு விதமாகத் தீர்க்க முயன்றது. கிண்ணியா அடங்கிய மூதூர்த் தொகுதி, 1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. நாட்டின் 145 தொகுதிகளுள் கொழும்பு மத்தி மூன்று உறுப்பினரையும், கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் ஆகிய நான்கும் இவ்விரண்டு உறுப்பினரையும் அனுப்பின. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே குவிக்கலாம். அதனால் தொகுதியில் தொகை குறைந்த சமூகமும் தன் வாக்குகளைச் சிதறவிடாமல் ஓர் உறுப்பினரைப் பெற முடிந்தது. 1970இல் சிறீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஏ.எல். அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் ஒரே தொகுதியிலிருந்து அவைக்குச் சென்றார்கள். 1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் சேருவில என்ற புதிய தொகுதியை வெட்டியெடுத்து, மூதூரை ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக்கியது. 1977இல் அங்கே வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மஹ்ரூப். அப்துல் மஜீத் 1987இலும் தங்கத்துரையும் மஹ்ரூபும் 1997 ஜூலையிலும் கொல்லப்பட்டார்கள்; மூதூருக்காக அவையில் பேசிய இம்மூன்று குரல்களும் ஒரு தசாப்த இடைவெளியில் வன்முறைக்கு இரையாயின என்பதை நடைமுறை பற்றிய எந்தக் கட்டுரையும் கடந்து செல்ல இயலாது. எல்லைக் கோடு ஒன்று எங்கே விழுகிறது என்பதில் ஒரு சமூகத்தின் குரல் தங்கியிருக்கிறது என்பதைக் கிண்ணியா 1959இலும் 1976இலும் கண்டிருந்தது. 2018இல் தவலிங்கம் குழுவின் வரைபடத்துக்கு முஸ்லிம் கட்சிகள் அஞ்சியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

தொகுதி முறைக்குப் பின் வந்த விகிதாசார முறையில் முதலில் இருந்த 12.5 வீத வெட்டுப்புள்ளி, எம்.எச்.எம். அஷ்ரப் அன்றைய பிரதமர் பிரேமதாசவிடம் வைத்த கோரிக்கையின் பேரில், 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தத்தால் 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதுவே முஸ்லிம் காங்கிரஸ் 1989இல் நான்கு இடங்களோடு அவைக்குள் நுழைய வழி செய்தது. அப்பேரம் விதியையே மாற்றிய பேரம். அதற்குப் பின் வந்த பேரங்கள் பெரும்பாலும் அமைச்சுக்களோடு நின்றன. 2010 செப்டம்பர் 8ஆம் திகதி, உயர் நீதிமன்றம் 24 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டிய ‘அவசரச் சட்டமூலம்’ என்ற வழியில் வந்த 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவாக வாக்களித்தது. 2020 அக்டோபர் 22ஆம் திகதி, அதே இலக்கத்தில் வேறொன்றாக வந்த 20ஆவது திருத்தத்துக்குக் கிடைத்த 156 வாக்குகளுள், எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்த வாக்குகளில் கிண்ணியாவின் எம்.எஸ். தௌபீக்கினதும் ஒன்று, கட்சித் தலைவர் ஹக்கீமோ எதிர்த்து வாக்களித்தார். கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்ட காலம் அது; அவ்வாக்குகள் பற்றி ஊரில் எழுந்த கோபம் எளிதில் தணியவில்லை. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஆசனத்தையும் இழப்பார் என 99ஆம் உறுப்புரை கூறினும், அது செயற்படுவது அரிது. வரவு செலவுத் திட்டத்துக்குக் கட்சி முடிவை மீறி வாக்களித்து நீக்கப்பட்ட, கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் நசீர் அஹமட்டின் ஆசனம் 2023 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பறிபோனது அவ்வாறான அரிய சம்பவம்.

திருகோணமலை மாவட்டம் தந்த மிகப் பெரிய நடைமுறைப் பதவி எதிர்க்கட்சித் தலைமையாகும். 2015 செப்டம்பரில், 16 உறுப்பினரை மட்டும் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் அப்பதவியில் அமர்ந்தார். இரு பெருங்கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்ததால் எதிரே எஞ்சியவற்றுள் பெரிய கட்சி அதுவே ஆயிற்று. அப்பதவி வெறும் மரியாதையன்று; சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு உறுப்பினரைத் தேரும் அரசியலமைப்புப் பேரவையில் பிரதமருக்கும் சபாநாயகருக்கும் பக்கத்தில் ஓர் ஆசனத்தையும் அது தருகிறது. இந்தியாவின் மக்களவையில் பத்து வீத இடங்கள் இல்லாத கட்சிக்கு அத்தகுதி வழங்கப்படுவதில்லை என்ற மரபினால் 44 இடங்கள் பெற்ற காங்கிரசுக்கு 2014இல் அது மறுக்கப்பட்டது; அந்த அளவுகோல் இங்கே இருந்திருந்தால் 225இல் 16 என்பது ஏழு வீதம் மட்டுமே. எழுதப்பட்ட அளவுகோல் இல்லாமை சம்பந்தனுக்குப் பதவியைத் தந்தது; அதே இல்லாமைதான், 2018 டிசம்பரில் சபாநாயகர் கரு ஜயசூரிய மகிந்த ராஜபக்சவை அங்கீகரித்தபோது அதைப் பறித்துக்கொண்டது. சம்பந்தனுக்கு இது புதிதன்று. அவர் முதன்முதலாக அவைக்குச் சென்ற 1977ஆம் ஆண்டின் பாராளுமன்றத்தில் 18 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அ. அமிர்தலிங்கத்துக்கு எதிராக, 1981 ஜூலையில் ஆளுங்கட்சியினர் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அரசாங்கத்தின் மீது அவை நம்பிக்கை இழந்தால் அரசாங்கம் விழும். எதிர்க்கட்சித் தலைவர் மீது ஆளுங்கட்சிக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என எந்த நாட்டு மரபும் கேட்டதில்லை.

சிறிய அணிக்கு உரிமையை எண்ணால் வரையறுத்து வழங்கும் அவைகள் உண்டு. ஜெர்மனியின் அரசியலமைப்பு, உறுப்பினரில் கால்பங்கினர் கோரினால் விசாரணைக் குழு அமைக்கப்பட்டே ஆக வேண்டும் என்கிறது; பிரிட்டனின் மக்கள் சபை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இருபது நாட்களின் அலுவலை எதிர்க்கட்சிகளுக்கு ஒதுக்கி, அவற்றுள் மூன்றை இரண்டாவது பெரிய எதிர்க்கட்சிக்கென வைக்கிறது. இலங்கையிலும் அத்தகைய உறுதியான உரிமைகள் சில உண்டு. இருபது உறுப்பினர் இல்லாத அவையில், கோரம் இல்லை என்று தனி ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னாலே அலுவல் நின்றுவிடும். அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு உரியது, கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் அதில் பல ஆண்டுகள் அமர்ந்தார். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உள்ளிட்டோர் மாண்டபோது, அது பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டுப் பொறுப்பான அமைச்சர் பதில் சொல்ல நேர்ந்ததும் நடைமுறை தரும் பலமே. உயிர்களை அது மீட்கவில்லை, பதிவை ஏற்படுத்தியது.

2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களைப் பெற்றது. மூன்றில் இரண்டுக்குத் தேவையானவை 150. திருகோணமலையின் நான்கு ஆசனங்களுள் இரண்டு ஆளுங்கட்சிக்கும், ஒன்று ஐக்கிய மக்கள் சக்தியில் போட்டியிட்ட இம்ரான் மஹ்ரூபுக்கும், ஒன்று தமிழரசுக் கட்சிக்கும் சென்றன. 2017இல் சிறுபான்மைக் கட்சிகளைப் பேச்சுக்கு அழைக்க வைத்த கணக்கு இன்று இல்லை. எந்தத் திருத்தத்துக்கும் அவர்களது வாக்கு தேவைப்படாது. எண்ணின் பலம் இருந்தபோது விதியைக் கவனியாதவர்களுக்கு, எண் போனபின் எஞ்சியிருப்பது விதி மட்டுமே. குழு நிலைத் திருத்தம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எழுதப்பட்ட எல்லையையும், பெரிய திருத்தங்கள் மீண்டும் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியையும் கோருவதே அவர்கள் முன்னுள்ள முதல் வேலை எனக் கொள்ள இடமுண்டு. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குழு நிலையைக் கடந்த விதமும், அதன் பொருட்டு அன்றைய சபாநாயகருக்கு எதிராக வந்து 117க்கு 75 என்ற வாக்குகளால் தோற்ற நம்பிக்கையில்லாப் பிரேரணையும், அந்த இடைவெளி இன்னும் திறந்தே கிடப்பதைக் காட்டின.

பழைய விகிதாசார முறையில் ஒரு தடவையேனும் மாகாண சபைத் தேர்தலை நடத்துவதற்கான தனி உறுப்பினர் சட்டமூல முயற்சிகளைச் சுமந்திரன் தொடங்கி வைத்தார். 2025ஆம் ஆண்டு முடியும் வரையும் தேர்தல் நடைபெறவில்லை. 2012 செப்டம்பரில் பதினெட்டு வயது நிரம்பாதிருந்த கிண்ணியா வாக்காளர்கள் இப்போது முப்பதை எட்டியிருக்கிறார்கள். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிப் பதவிக்கும் வாக்களித்த அவர்களது கையில் மாகாண சபைக்கான வாக்குச்சீட்டு இன்னும் ஒரு முறையும் வைக்கப்படவில்லை.